92220 என்பது எது?

1978 மே 13. வட இங்கிலாந்தின் ஆப்பிள்பி ரயில் நிலைய நடைமேடையில் எரிக் டிரேசி மாரடைப்பால் இறந்தார். வேக்ஃபீல்டு பிஷப்பாக இருந்து ஓய்வு பெற்றவர், ரயில் எஞ்சின்களைப் படம் எடுப்பதில் பெயர்பெற்றவர். அன்று அவர் அங்கே நின்றது 92220 என்ற எண் கொண்ட ‘ஈவினிங் ஸ்டார்’ எஞ்சினைப் படம் பிடிக்க. இறைப்பணிக்கு வாழ்வைத் தந்தவர் இரும்புக்காகக் காத்து நிற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குப் பதில் சொல்லும் முன் வேறொன்றைத் தீர்த்தாக வேண்டும். ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டிய 251 எஞ்சின்களில் ‘இது’ என்று ஒன்றைத் தனியே சுட்ட முடியுமா?

‘9எஃப்’ எனப்படும் அந்த வகை சரக்கு இழுப்பதற்காகவே 1954 முதல் 1960 வரை கட்டப்பட்டது. பெரிய சக்கரங்கள் பத்து. வளைவில் சிக்காமல் திரும்புவதற்காக நடு ஜோடிக்கு மட்டும் விளிம்பே கிடையாது. பயணி வண்டி அட்டவணைப்படி வரும். கூட்ஸ் வண்டியோ பொதுமக்கள் கையில் இருக்கும் அட்டவணையில் இடம்பெறாது. வரும்போது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எஞ்சின் பார்ப்பவர்களுக்காக 1942-இல் இயன் ஆலன் என்பவர் எஞ்சின் எண்களை அச்சிட்டுச் சிறு புத்தகமாக வெளியிட்டார். அந்த வரிசைப் புத்தகங்களை வாங்கியவர்கள் கண்ணால் கண்ட எண்ணுக்கு மட்டும் அடிக்கோடு போட்டார்கள். ஆனால் பணிமனையில் பெரிய பழுதுபார்ப்பு நடக்கும்போது ஓர் எஞ்சினின் கொதிகலன் இன்னொன்றுக்குப் போகும். சக்கரம் மாறும், குழாய் மாறும். எண் மட்டும் மாறாது. அப்படியானால் அடிக்கோடு போட்டவர் கண்டது எதை?

இந்தக் கேள்வி மிகப் பழையது. ‘மிலிந்த பன்ஹா’ என்னும் பௌத்த நூலில் நாகசேனர் என்ற துறவி அரசனிடம் தேரைக் காட்டி, சக்கரமா தேர், அச்சா தேர், நுகமா தேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். எதுவும் இல்லை. உறுப்புகள் கூடியிருப்பதற்கு நாம் இட்டு வழங்கும் பெயர்தான் தேர். எஞ்சின் விஷயத்தில் நாகசேனர் சொல்வது முழுக்கச் சரி. 92220-க்குள் தேடினால் 92220 கிடைக்காது. ஆனால் அதனால் அதை நேசிப்பது மயக்கம் என்று ஆகிவிடாது. நாகசேனர் தேரை எடுத்துக்காட்டியதே தம்மைப் பற்றிச் சொல்லத்தான். மனிதரும் அப்படிப்பட்ட கூட்டமே என்றால், கூட்டுப்பொருளை நேசிப்பவரைப் பார்த்துச் சிரிப்பவர் தாயன்பைப் பார்த்தும் சிரிக்க வேண்டியிருக்கும். ‘இது’ என்பது உள்ளே ஒளிந்திருக்கும் சாரம் அல்ல. உறுப்புகள் மாற மாற ஒரே பெயரில் தொடரும் வரலாறு அது. வேறெதற்கும் பொருந்தாத வரலாறு.

இது வெறும் சேர்ப்பு ஆசை, பற்றின் இன்னொரு வடிவம் என்பார்கள். வலுவான ஆட்சேபம்தான். எண்ணைக் குறித்ததும் கண்ணைத் திருப்பிக்கொள்பவரிடமும், படத்துக்காகத் தண்டவாளத்தில் இறங்கி ஓட்டுநரின் வயிற்றைக் கலக்குபவரிடமும் இருப்பது பேராசையே. ஆனால் அடிக்கோடு எஞ்சினிடமிருந்து எதையும் எடுப்பதில்லை. பக்கத்தில் நிற்பவரும் அதே எண்ணுக்குக் கோடு போடலாம். ஒருவர் பெற்றதால் மற்றவருக்குக் குறைவதில்லை. இப்படிப்பட்ட பற்றை எந்தத் துறவியும் அஞ்ச வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். இன்னொரு ஆட்சேபம்: டிரேசி காத்திருந்தது புகழ்பெற்ற எஞ்சினுக்காக அல்லவா? உண்மை. பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய கடைசி நீராவி எஞ்சின் அது; கூட்ஸ் எஞ்சினாக இருந்தும் பச்சை வண்ணமும், செம்பு விளிம்பு வைத்த புகைபோக்கியும், பெயரும் பெற்றுப் பிறந்தது. ஆனால் வரிசைப் புத்தகத்தில் அதற்கு விழுந்ததும் மற்ற எஞ்சின்களுக்கு விழுந்த அதே ஒற்றைக் கோடுதான். கரி பூசியதுபோல் கறுப்பாக, பெயரில்லாமல் ஓடியவற்றுக்கும் அதே அளவு கோடு.

ஐந்தே ஆண்டு ஓடி 1965-இல் ஈவினிங் ஸ்டார் ஓய்வு பெற்றது. 1968-க்குள் அந்த வகை முழுவதும் பணியிலிருந்து நீங்கியது. எஞ்சியவை ஒன்பது. மற்ற 242-இன் இரும்பு உருகி எங்கெங்கோ போயிற்று; எந்தத் துண்டு எந்த எண்ணுடையது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. ஆனால் அவற்றில் ஒன்று ஒரு மாலையில் சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு பாலத்தைக் கடந்தது, ஒருவர் அதைப் பார்த்தார் என்பது இன்றும் உண்மையாகவே இருக்கிறது. எந்த உலையிலும் அதைப் போட முடியவில்லை.