அது யார் கைவேலை?

கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடத்தை அடைக்கும்போது பிள்ளைகளின் பையில் ஒரு தாளையும் வைத்து அனுப்புகிறார்கள். ஐஸ் குச்சிகளால் ஒரு வீடு, தெர்மோகோலில் சூரியனும் அதைச் சுற்றும் எட்டுக் கோள்களும், பழைய செய்தித்தாளில் ஒரு பூச்சாடி என்று மூன்று நான்கு கைவேலைகள் அதில் எழுதியிருக்கும். தாள் வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். பிள்ளை நன்னா ஊருக்குப் போய் வரும். இரண்டு கல்யாண வீடுகளும் முடிந்துவிடும். நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது என்னும்போது, இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் தாளின் நினைப்பே வரும். கடை அடைப்பதற்குள் வாப்பா ஓடிப்போய் அட்டையும் பசையும் வாங்கி வருவார். உம்மா கத்தரியை எடுத்துக்கொண்டு உட்காருவார். பத்து மணிக்குப் பிள்ளை பாயில் சுருண்டு தூங்கிவிடும். பன்னிரண்டு மணிக்கு வீடு தயார்.

மறுநாள் டீச்சர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "நீயே செய்தாயா?" என்று கேட்கிறார். "ஆமாம் டீச்சர்" என்கிறது பிள்ளை.

இந்த 'ஆமாம்' யாருடைய பொய்?

"ஐஸ் குச்சியிலும் தெர்மோகோலிலும்கூடவா மார்க்கம் பேசுவீர்கள்?" என்று வாசகர்களில் சிலர் சிரிக்கக் கூடும். இது ஹராமா, மக்ரூஹா என்று ஃபத்வாக் கொடுக்க நாம் முஃப்தி அல்ல. ஆனால் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட பொய்யில் சிறியது என்று ஒன்றைத் தள்ளிவிட நமக்கு அனுமதி இருக்கிறதா? அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் தம் சிறு பிராயத்தில் நடந்ததாகச் சொல்லும் ஒரு செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவர்களுடைய வீட்டில் அமர்ந்திருந்த சமயம், தாயார் மகனை ஏதோ தருவதாகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்ன கொடுக்க நினைத்தாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் உன் பேரில் ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஒரு பேரீச்சம்பழத்துக்கே கணக்கு இருந்திருக்கிறது!

பருவமடையாத பிள்ளையின் மீது எழுதுகோல் ஓடுவதில்லை என்பது மார்க்கச் சட்டத்தில் பாலபாடம். அப்படியானால் வகுப்பறையில் சொல்லப்பட்ட அந்த 'ஆமாம்' யாருடைய ஏட்டில் போய் விழும்? பிள்ளை அந்தப் பொய்யைத் தானாக உண்டாக்கவில்லையே! இரவோடு இரவாக வெட்டி, ஒட்டி, வர்ணம் பூசி அதன் கையில் கொடுத்து அனுப்பியவர்கள் பெரியவர்கள் அல்லவா?

பிள்ளைக்கு உதவுவதையே இங்கு குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் அடிமைத் தளையிலிருந்து விடுபட முந்நூறு பேரீச்ச மரங்களை நட்டு வளர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தோழர்கள் ஆளுக்கு முப்பது, இருபது, பதினைந்து, பத்து என்று கன்றுகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். குழி தோண்டும் வேலை ஸல்மானுடையது. அதற்கும் தோழர்கள் கைகொடுத்தார்கள். கன்றுகளை நாயகம் (ஸல்) அவர்கள் தம் கையாலேயே நட்டார்கள். இதைவிடப் பெரிய உதவி வேறு என்ன இருக்க முடியும்? ஆனால் அதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. முந்நூறையும் நானே நட்டேன் என்று ஸல்மான் (ரலி) சொல்லவில்லை. யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைக்கூடச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். நம் வீட்டு உதவி மட்டும் டீச்சருக்குத் தெரியக் கூடாத உதவியாக இருப்பானேன்?

இதற்கு உம்மாமார்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. "எல்லார் வீட்டிலும் பெரியவர்கள்தான் செய்து கொடுக்கிறார்கள். என் பிள்ளை மட்டும் கோணல்மாணலாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால் எல்லாரும் சிரிப்பார்களே, அது தாங்குமா?" என்பார்கள். பாசத்தினால் வரும் பயம் இது. பெற்ற வயிறு இரங்குவதை யார் குறை சொல்ல முடியும்? எனினும் அந்த இரக்கம் பிள்ளையின் மனத்தில் எதைப் பதிய வைக்கிறது என்று பார்க்க வேண்டும். தூங்கி எழுந்த பிள்ளை மேஜையின் மேல் பளபளக்கும் வீட்டைப் பார்க்கிறது. முந்தின நாள் மாலையில் தான் ஒட்டிவைத்த நாலு குச்சிகளைத் தேடினால் அவை குப்பைக் கூடையில் கிடக்கின்றன. 'என் கை வேலை வெளியே காட்டத் தகுந்ததல்ல' என்று அதற்கு யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

வேறொரு நிகழ்ச்சியும் அபூதாவூதில் வருகிறது. இப்னு மாஜாவிலும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் போகும் வழியில் ஒரு சிறுவர் ஆட்டுக்குத் தோலுரித்துக் கொண்டிருந்தார். அவருக்கு அது சரியாக வரவில்லை. சற்று விலகு, காட்டித் தருகிறேன் என்று சொல்லி, தோலுக்கும் சதைக்கும் நடுவே தம் கரத்தை அக்குள் வரை நுழைத்து, உரிக்கும் விதத்தைக் காட்டிக் கொடுத்தார்கள். பிறகு தொழுகைக்குப் போய்விட்டார்கள். பச்சை இறைச்சியைத் தொட்டால் உளூ முறியுமா என்ற மஸ்அலாவுக்காகத்தான் ஆலிம்கள் இந்த ஹதீஸை எடுத்துக் காட்டுவது வழக்கம். பிள்ளை வளர்க்கிறவர்கள் இதை வேறொரு கண்ணோடும் படிக்கலாம். அந்த ஆட்டை முழுவதும் உரித்துக் கொடுத்துவிட நாயகத்துக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? அப்படிச் செய்யவில்லை. கை எப்படிப் போக வேண்டும் என்பதைக் காட்டினார்கள். மீதி வேலையைச் சிறுவருக்கே விட்டுவிட்டுப் போனார்கள். இத்தனைக்கும் அது உண்ணப்போகும் ஆடு. கோணலாக உரிந்தால் தோல் பாழாகும். ஐஸ் குச்சி வீட்டில் பாழாவதற்கு என்ன இருக்கிறது?

இனி, பலரும் நினைத்துப் பார்க்காத ஒரு பக்கம். அதே வகுப்பில் பக்கத்துப் பெஞ்சில் ஒரு சிறுமி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வாப்பா வெளிநாட்டில் கூலி வேலை. உம்மா பகலெல்லாம் பீடி சுற்றுகிறார். இரவில் விழித்திருந்து செய்து கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. தானே குச்சிகளைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து, சோற்றுப் பசையால் ஒட்டி ஒரு வீடு கட்டிக்கொண்டு வருகிறாள். சுவர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நம் வீட்டு மாளிகை போய் நிற்கிறது. எதைக் கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள்? எந்தப் பிள்ளைக்குக் கை தட்டுவார்கள்? அந்தச் சிறுமி தன் வயதுப் பிள்ளையிடம் தோற்கவில்லை. பட்டம் படித்த ஒரு தாயிடமும், பணம் கொடுத்துச் சாமான் வாங்கிய ஒரு தகப்பனிடமும் தோற்றாள். தொழுகையில் ஏற்படும் குறைக்கு அல்லாஹ்விடம் நேரே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். அடுத்தவர் ஹக்கில் கைவைத்தால் அந்த அடுத்தவரல்லவா பொறுத்துக்கொள்ள வேண்டும்? அந்தச் சிறுமியிடம் போய் யார் கேட்கப் போகிறார்கள்? நம் பார்வையில், அந்த 'ஆமாம்' என்ற பொய்யைவிட இதுவே கனமானது.

பள்ளிக்கூடத்தாரையும் இதில் விட்டுவிட முடியாது. ஆறு வயதுப் பிள்ளையால் செய்யவே முடியாத வேலையைக் கொடுத்தனுப்பினால் அது பெற்றோருக்குக் கொடுத்த வேலைதான். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் அவ்விதமே சுற்றறிக்கை அனுப்பியது. கைவேலையைக் கல்வியில் சேர்த்தவர்களின் நோக்கமோ முற்றிலும் வேறு. 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டுக்குப் பின் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுவின் தலைவர், பிற்காலத்தில் ஜனாதிபதியான டாக்டர் ஜாகிர் உசேன். ஏழு வயது முதல் பதினான்கு வரை ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்துப் படிப்பு அமைய வேண்டும் என்றது அக்குழு. செய்து முடித்த பொருளின் பயனிலேயே ஆசிரியர்கள் கண்ணாக இருந்துவிட்டால் கல்வியின் நோக்கம் கெட்டுவிடும் என்றும் அதன் அறிக்கை எச்சரித்தது. நூல் நூற்கும் தக்ளி போய் தெர்மோகோல் வந்திருக்கிறது. அந்த எச்சரிக்கைக்கு மட்டும் இன்னும் வேலை இருக்கிறது.

சரி, இரவாகிவிட்டது, தாள் இப்போதுதான் கண்ணில் பட்டது, என்ன செய்வது? அவசரத்துக்குப் பாதிக் காரணம் பசைதான். வெள்ளைப் பசை நன்றாகப் பிடிக்க மணிக்கணக்காகும். சீக்கிரம் ஒட்டுமே என்று செருப்புக்குப் போடும் ரப்பர் பசையைத் தடவினால் தெர்மோகோல் கரைந்து குழி விழுந்துவிடும். ஆகவே அந்த இரவில் எட்டுக் கோள்களுக்கு ஆசைப்பட வேண்டாம். பிள்ளை தூங்குவதற்குள் எது முடியுமோ அது போதும். ஒரு சுவராக இருந்தாலும் சரிதான். கூர்மையான கத்தியால் வெட்டும் இடத்தில் உம்மா வெட்டிக் கொடுக்கட்டும், அப்படிக் கொடுத்ததை அட்டையின் பின்புறம் பிள்ளையே எழுதட்டும். டீச்சர் கேட்டால், "அட்டையை உம்மா வெட்டித் தந்தார்கள், ஒட்டியது நான்" என்று சொல்லச் சொல்லலாம். அடுத்த விடுமுறையில் அந்தத் தாளை அலமாரியின் மேல்தட்டுக்கு அனுப்பாமல், அஸருக்குப் பிறகு நாளுக்கொரு சுவர் என்று வைத்துக்கொண்டால் பசை காயவும் நேரம் இருக்கும்.

டீச்சர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். "நீயே செய்தாயா?" என்று கேட்காதீர்கள், அது பிள்ளையைப் பொய்யின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் கேள்வி. "இந்தக் கதவு ஏன் கோணலாக இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். செய்த பிள்ளைக்குச் சொல்ல நிறைய இருக்கும்: பசை காய்வதற்குள் தம்பி வந்து தொட்டுவிட்டான், திரும்ப ஒட்டியபோது குச்சி போதவில்லை, தெருமுனைக் கடைக்காரர் இரண்டு குச்சி கொடுத்தார், அதில் ஒன்று கொஞ்சம் நீளம்.