லாபம் காட்டினால்தான் மனிதரா?

1972 செப்டம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகர சபை, உகாண்டா நாளிதழ் ஒன்றில் விளம்பரம் கொடுத்தது: எங்கள் ஊருக்கு வராதீர்கள். உகாண்டா அதிபர் இடி அமீன் 90 நாள் கெடு வைத்து அங்கிருந்த ஆசியர்களை விரட்டிக்கொண்டிருந்த நேரம். கடையையும் வீட்டையும் விட்டுவிட்டு, கையில் ஐம்பது பவுண்டு சொச்சத்தோடு சுமார் 28,000 பேர் பிரிட்டனில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் லெஸ்டருக்கே போனார்கள். இன்று அங்கே பெல்கிரேவ் சாலை நெடுக நகைக்கடை, சேலைக்கடை, மிட்டாய்க்கடை. தீபாவளிக்கு நகர சபையே விளக்குப் போடுகிறது.

அகதிகள் சுமையல்ல, தொழில் தொடங்கி வேலை கொடுப்பவர்கள் என்று வாதாடுவோர் இந்தக் கதையை விரும்பிச் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான். ஆனாலும் அது ஆபத்தான வாதம்.

இதே மக்கள் கம்பாலாவிலும் கடை வைத்திருந்தார்கள். உகாண்டா வணிகத்தில் பெரும்பகுதி அவர்கள் கையில் இருந்தது. அதையே குற்றமாக்கித்தான் அமீன் துரத்தினார். அங்கே காப்பாற்றாத கடை லெஸ்டரில் மட்டும் எப்படி வாழவைத்தது? பெரும்பாலோரிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. வந்த உடனே வேலைக்குப் போகலாம், கடை எடுக்கலாம், ஓட்டுப் போடலாம். உரிமை முதலில் வந்தது, வியாபாரம் பிறகு வந்தது.

கடை வைக்காதவர்கள்? 1974இல் லெஸ்டரின் இம்பீரியல் டைப்ரைட்டர்ஸ் ஆலையில் ஆசியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 168 இயந்திரம் முடித்தாலே வரவேண்டிய போனஸை, 200 முடித்தால்தான் என்று சொல்லி நிர்வாகம் ஏய்த்துவிட்டது என்பது புகார். தொழிற்சங்கமும் கைவிட்டது. மூன்று மாதம் வாசலில் நின்றார்கள். சமக் கூலி கேட்டுப் போராடியதும் அந்த ஊரோடு கலந்த கதைதான். வெற்றிக்கதை சொல்பவர்கள் அதைச் சொல்வதில்லை.

இன்று பிரிட்டனில் தஞ்சம் கேட்பவர் ஓராண்டு காத்திருந்த பிறகே வேலைக்கு அனுமதி கேட்க முடியும். கிடைத்தாலும் சொந்தத் தொழில் கூடாது. கையைக் கட்டிப்போட்டு, உழைக்கவில்லை என்று பழிப்பது எந்த ஊர் நியாயம்?

நம் ஊருக்கு வருவோம். பாரிஸ் லா சப்பலில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளைச் சொல்லி மார்தட்டுகிறோம். அதே இலங்கைப் போருக்குத் தப்பி 1983க்குப் பிறகு நம் கரைக்கு வந்தவர்களில் பலர் இன்னமும் முகாம்களில் இருக்கிறார்கள். 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினோம். அங்கேயே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்ற பலருக்கு இன்றும் குடியுரிமை இல்லை. அவர்கள் ஒரு ரூபாய் லாபம் காட்டாவிட்டாலும் அந்த உரிமை அவர்களுக்குச் சேரவேண்டியது. பாரிஸ் கடைக்காரருக்காகப் பெருமைப்படும் நாம், மண்டபம் முகாமிலிருந்து தினக்கூலிக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறவருக்காகத் தில்லியிடம் அந்த உரிமையைக் கேட்கிறோமா?