பரண்மேல் ஒரு ஃபைல்

பரணை ஒழித்தபோது அக்காவின் தலைப்பிரசவ ஃபைல் கிடைத்தது. 2008. துருப்பிடித்த குண்டூசி, மங்கிப்போன ஸ்கேன், நடுவே ஒரு சீட்டு. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 168. சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். 140ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான். அக்காவுக்குச் சர்க்கரை இருப்பது எங்களுக்குத் தெரியவந்ததோ போன வருடம், கால் கொப்புளம் ஆறாமல் கிடந்தபோது.

"பிள்ளை பொறந்ததும் சரியாப் போச்சுன்னாங்களே" என்றாள் அம்மா. பொய்யில்லை. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள்தான் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன. நஞ்சு விழுந்ததும் பெரும்பாலும் சர்க்கரை இறங்கிவிடும். ஆனால் அப்படி வந்துபோனவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்ற தாய்மாரைவிடக் குறைந்தது ஏழு மடங்கு என்கிறது 2009இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு. அதனால்தான் ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள்.

அந்த ஆறாவது வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழந்தைக்கு ஊசி போட ஆட்டோவில் போனோம். அதே ஆஸ்பத்திரிதான். அக்காவுக்கு யாரும் ரத்தம் எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஐந்தாம் மாதம் தொட்டில், சீர்வரிசையோடு புகுந்த வீட்டுக்கு அனுப்பினோம். தடுப்பூசி அட்டை பிளாஸ்டிக் கவரில் கூடவே போனது. ஃபைல் பரணுக்குப் போனது.

இரண்டாவது பிரசவம் அத்தானின் ஊரில். முன்னால் சர்க்கரை இருந்ததா என்று கேட்டார்களாம். இல்லை என்றாளாம். சரியாகிவிட்ட ஒன்றைச் சொல்வானேன்?

கையோடு குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனும் முடிந்தது. அத்தானுக்குச் செய்யலாமே என்று எந்த வீட்டிலும் பேச்சு எழவில்லை. ஆணுக்கு அது வயிற்றைத் திறக்காத சின்ன வேலை. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.1 சதவீதம். இது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு. எனக்கு உறுத்துவது அதற்குப் பின் வரும் காலம். ஆபரேஷன் முடிந்தபின் தனக்கென்று ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க அக்காவுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. மாமியாருக்குத் துணையாகப் போனாள், பிள்ளைகளின் காய்ச்சலுக்குப் போனாள்.

ஃபைலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சீட்டைப் பார்க்கவில்லை. ஸ்கேனைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தாள். பையனுக்கு மீசை முளைத்துவிட்டது. தடுப்பூசி அட்டையில் ஒரு மடிப்புக்கூட இல்லை.