சேர்ந்து வருவதும் காரணமாவதும்

பஞ்சினை நெருப்புத் தீண்டுகிறது, பஞ்சு எரிகிறது. நாம் கண்டது தீண்டலையும் எரிதலையும் மட்டுமே. முன்னது பின்னதை விளைவித்ததைக் கண்டோமில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’வில் எழுப்பிய வாதம் இது. இவ்வாறு சேர்ந்து வருதலை அரபியில் ‘இக்திரான்’ என்பர். இமாமவர்களின் நோக்கம் இறையாற்றலை நிலைநாட்டுவது. அறிவியலாரின் நோக்கம் வேறு. எனினும் அவர்கள் நாள்தோறும் மல்லாடுவதும் இந்த இக்திரானோடுதான்.

சேர்ந்து வரும் இரண்டில் ஒன்று மற்றதற்குக் காரணமா, அன்றி இரண்டுமே மூன்றாவதொன்றின் விளைவுகளா? இதனைப் பிரித்தறியவே சோதனை. இமாமவர்களுக்கு முன் வாழ்ந்த மருத்துவமேதை அர்ராஸி, ‘சர்ஸாம்’ என்னும் மூளைநோயின் குறிகள் கண்ட ஒரு சாராருக்குக் குருதி வடித்தார். மற்றொரு சாராரை வேண்டுமென்றே விட்டுவைத்தார். முன்னவர் தப்பினர், பின்னவரை நோய் பற்றியது என்பது ‘அல்ஹாவி’யில் உள்ள அவர் குறிப்பு. ஒப்பீட்டு முறைக்கு இதனை முன்னோடியாகப் போற்றுவர், போற்றட்டும். ஆனால் குருதி வடித்தல் அந்நோய்க்கு மருந்தன்று என்பதே இன்றைய மருத்துவம். யாரை எப்பக்கம் சேர்ப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்தால், தேறக்கூடியவர் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட இடமுண்டு. விட்டுவைக்கப்பட்டோரின் உயிருக்கு யார் பொறுப்பு என்ற வினாவும் எஞ்சுகிறது.

பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்து 1948-இல் முடிவை வெளியிட்டோர் இரண்டுக்கும் விடை கண்டனர். 55 பேருக்கு மருந்து, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். பிரித்தது மருத்துவரல்லர், மூடிய உறைக்குள் இருந்த சீட்டு. மருந்தோ அனைவர்க்கும் போதாத நிலை. ஆகவே கொடுக்காமல் விட்டது கொடுமையாகவில்லை.

அச்சோதனையை வகுத்த பிராட்ஃபோர்ட் ஹில், அடுத்து ரிச்சர்ட் டாலுடன் புகைத்தலை ஆராய்ந்தார். இங்கே சீட்டுக்கு வழியில்லை. நீ இருபதாண்டு புகை என்று எவரைப் பணிப்பது? இக்திரான் மட்டுமே கைவசம். 1950-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், நுரையீரல் புற்றுற்ற ஆண்கள் 649 பேரில் புகைக்காதோர் இருவர். வேறு நோயுற்ற 649 பேரில் 27 பேர். புகைக்கும் நாட்டமும் புற்றும் ஒரே பிறவிக்கூறின் விளைவாகலாமே என மறுத்தார் ஆர். ஏ. ஃபிஷர். சீட்டு முறையை அறிவியலுக்கு வகுத்தளித்தவரே அவர்தாம்; சுங்கான் பிடிப்பவர் என்பதையும் சொல்லிவைக்கலாம். தருக்கத்தில் அவர் மறுப்புக்குக் குறையில்லை. ஆனால் அது முற்றிலும் தீரும்வரை மக்களை எச்சரிக்காதிருப்பதும் ஒரு செயலே, அதற்கும் கணக்குண்டு.

1951-இல் தொடங்கிப் பிரிட்டன் மருத்துவர்களையே ஐம்பதாண்டு கவனித்து வந்தனர். அவர்களுள் பலர் தாமாகவே புகைப்பதை விட்டனர். 50 வயதில் விட்டவர்க்குக் கேடு ஏறத்தாழப் பாதியாயிற்று. 30-இல் விட்டவர்க்கு அநேகமாக முழுதும் நீங்கிற்று. பிறவிக்கூறு மட்டுமே காரணமாயின், விட்டதனால் அது மாறியிராது.