மடக்கிய பிறகு என்ன?

எங்கள் மறையூரில் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகையில், பாகு பதமாகும் வரை ஆளை மடக்கும் கேள்விகள்தான் பொழுதுபோக்கு. "கேரளத்தில் 44 ஆறு. கிழக்கே ஓடுவது எத்தனை?" என்பார் ஒருவர். பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பையன், "மூணு. கபினி, பவானி, பாம்பாறு" என்பான். பவானி அட்டப்பாடி வழியே போகிறது. பாம்பாறு எங்கள் ஊர் வழியே. அதில் குளித்து வளர்ந்தவர்களே முழிப்பார்கள்.

எதிராளி முழிப்பதில் இத்தனை சுகம் ஏன்? நமக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை என்கிற அகந்தைதான்.

இங்குள்ள முனியறைகளில் வனவாசத்தின்போது பாண்டவர்கள் தங்கினார்கள் என்பது ஊர்ப்பேச்சு. அவை பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் என்பது ஆய்வாளர் முடிவு. எப்படியோ, அந்தக் கற்பலகைகளைப் பார்த்தால் பாண்டவர்களைக் கேள்வி கேட்டு மடக்கிய நச்சுப் பொய்கை யட்சன் எனக்கு ஞாபகம் வந்துவிடும். அவன் கேட்ட அத்தனைக்கும் தருமர் பதில் சொன்னார். சோதனை அதோடு முடியவில்லை. மாண்டு கிடந்த தம்பிகளில் ஒருவனை எழுப்பித் தருகிறேன் என்றபோது அவர் பீமனையோ அர்ச்சுனனையோ கேட்கவில்லை. சிற்றன்னை மாத்ரிக்கும் ஒரு பிள்ளை மிஞ்சட்டும் என்று நகுலனைக் கேட்டார். அதற்குத்தான் நால்வரும் பிழைத்தார்கள்.

பதில் தெரிவது கெட்டிக்காரத்தனம். ஜெயித்த பிறகு யாரை நினைக்கிறோம் என்பதில்தான் அறம் இருக்கிறது.