புதிய குருதி, பழைய நாளம்

முதியவரின் உடலில் ஓடும் குருதியும் முதியதா? அன்று. சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 120 நாட்களே வாழ்கிறது. எண்பது வயதிலும் எலும்பு மஜ்ஜை நாள்தோறும் புதிய அணுக்களைப் பிறப்பிக்கிறது, சற்றே தளர்ந்த வேகத்தில். மூப்பு மிகுதியும் பற்றுவது நாளங்களை. தமனிச் சுவருக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் என்னும் புரதம் இளமையில் உருவாவது. பின்னர் அது அநேகமாகப் புதிதாவதில்லை. அது நைந்து சுவர் விறைக்க, இதயம் சுருங்கும் வேளையின் அழுத்தம் உயர்கிறது.

தானே புதிதாவதற்கு நம் துணை அவ்வளவாக வேண்டியதில்லை. புதிதாகாதவற்றிடமே நம் கடன் தொடங்குகிறது. ஆனால், அவை நாளங்கள் மட்டுமா? தந்தையின் இரத்த அழுத்தத்தைத் தவறாமல் அளக்கும் பிள்ளைகள் (அது கடமையே) அவர் சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்திவிடுவதுண்டு.

அந்தமானின் போ மொழி பேசிய கடைசி மனிதரான மூதாட்டி போவா சீனியர், 2010 ஜனவரி 26 அன்று, ஏறத்தாழ 85 வயதில் மறைந்தார். 2004 ஆழிப்பேரலையில் உயிர் தப்பியவர் அவர். அவரது குருதி எத்தனையோ முறை புதிதாகியிருந்தது. அவரது மொழிக்கு இன்னொரு நா பிறக்கவில்லை. மொழியியலாளர் அன்விதா அப்பி அவர் சொற்களைப் பதிவு செய்தார். மறுமொழி கூற மனிதர் எவருமில்லாத அம்மொழியில், போவா பறவைகளுடன் பேசிவந்தார்.