மலிவு யார் கொடுத்த காசு?

காய்கறியும் பழமும் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. ரேஷன் கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய் கிடைக்கிறது, கீரை கிடைப்பதில்லை. அதனால் உழவர் சந்தை வேண்டுமா என்று நான் கேட்கப்போவதில்லை. வெளிக்கடையைவிட அங்கே கத்தரிக்காய் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவு என்றால், அந்தப் பத்து ரூபாய் யாருடையது? அதை மட்டும் கேட்கிறேன்.

முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. பஞ்சாபில் ‘அப்னி மண்டி’ அதற்கு முன்பே இருந்தது. ஆந்திராவில் ‘ரைத்து பஜார்’ அதே ஆண்டு தொடங்கியிருந்தது. கடைக்கு வாடகை கிடையாது, தராசை அரசே கொடுக்கும், விலையை அதிகாரிகள் தினமும் காலையில் பலகையில் எழுதுவார்கள். மொத்த விலையைவிட விவசாயிக்குச் சற்றுக் கூடுதல், சில்லறை விலையைவிட வாங்குபவருக்குச் சற்றுக் குறைவு. நடுவில் இருந்தவரின் பங்கை எடுத்து இரு பக்கத்துக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் ஏற்பாடு. 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2006க்குப் பின் மீண்டும் உயிர்பெற்றது. நல்ல திட்டங்களுக்கு நம் ஊரில் நேர்வது இதுதான்.

நடுவில் இருப்பவர் என்றதும் கமிஷன் மண்டியில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் நினைவுக்கு வருவார். அவர் இருக்கிறார், அவருடைய பங்கு குறைந்ததில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, நம் தெருவுக்குக் கூடையோடு வரும் அம்மா. விடியுமுன்னே மொத்தச் சந்தைக்குப் போய், நான்கு பேரோடு சேர்ந்து குட்டியானைக்கு வாடகை கொடுத்துச் சரக்கைக் கொண்டுவருகிறவர். காலையில் தொள்ளாயிரம் வாங்கி மாலையில் ஆயிரமாகத் திருப்பும் ரன் வட்டியில் ஓடுகிறது அவருடைய முதல். கந்துவட்டிக்கு எதிராக 2003இல் சட்டம் வந்தும் அது நின்றபாடில்லை. திட்டத்தின் கணக்கில் இவரும் இடைத்தரகர்தான்.

இவர் வாங்கும் கூடுதல் காசுக்கு என்ன செய்கிறார் என்று பார்த்தால் கணக்கு வேறாகிறது. கால் கிலோவையும் பாதியாக்கித் தருவார். இருபது ரூபாய்க்குச் சாம்பார் காய் என்று கலந்து கொடுப்பார். கொத்தமல்லிக்குக் காசு வாங்கமாட்டார். சம்பளம் வரும்வரை கடன் வைக்கலாம். உழவர் சந்தை விடியற்காலையில் தொடங்கி மதியத்தோடு ஓய்ந்துவிடும். நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண் வேலைக்கு ஓடும் நேரமும் அதுவே. அவர் காய் வாங்குவது பொழுது சாய்ந்தபின், கூடைக்கார அம்மாவிடம், அன்றைக்குக் கையில் இருக்கும் முப்பது ரூபாய்க்கு. காலையில் ஸ்கூட்டரில் போய் ஒரு வாரத்துக்கான காயை அள்ளி வருவது என்னைப் போன்றவர்கள். ஏழைக்கென்று போட்ட மலிவு வசதியுள்ளவள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது.

சங்கிலியின் மறுமுனைக்குப் போவோம். சந்தையில் கடை போட அடையாள அட்டை வேண்டும். அது நிலத்தையும் அதில் நடக்கும் சாகுபடியையும் சரிபார்த்துக் கொடுக்கப்படுவது. யார் பெயரில் நிலம்? 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சாகுபடி நிலங்களில் பெண்களின் பெயரில் இருந்தவை ஏறத்தாழ 14 சதவீதம். தமிழ்நாடு 1989இலேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்த மாநிலம். ஆனாலும் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த பெண்கள் எல்லா ஊரிலும் உண்டு. பிறந்த வீட்டு வாசல் மூடிவிடக்கூடாதே என்ற பயம் அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. நிலம் பெண்ணின் பெயரில் இருப்பது வீட்டுக்குள் அவளுடைய பேச்சின் எடையையே மாற்றும் என்று பீனா அகர்வால் 1994இல் ஒரு முழுப் புத்தகமாகவே வாதிட்டிருக்கிறார்.

வெண்டைக்காய் பறித்தால் கை அரிக்கும். கத்தரிக்காய்க் காம்பில் முள். பறிப்பதும் களையெடுப்பதும் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்கள். கூலிக்குப் போனால் ஆணுக்குக் குறைவான கூலி. சொந்தக் காட்டில் என்றால் அதுவும் இல்லை. நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கணக்கிடும்போதாவது குடும்பத்தாரின் கூலியில்லா உழைப்புக்கு ஒரு மதிப்புப் போடுகிறார்கள். உழவர் சந்தைப் பலகையில் எழுதும் விலையோ மொத்தச் சந்தை விலையிலிருந்து தொடங்குகிறது. அந்த மொத்த விலைக்குள் அவளுடைய நாள் ஏற்கெனவே இலவசமாகப் போய்விட்டது. நான் தேடிய பத்து ரூபாயில் ஒரு பகுதி மண்டிக்காரருடையது, ஒரு பகுதி கூடைக்கார அம்மாவுடையது. மிச்சம் இவளுடையது.

‘சந்தையில் உட்கார்ந்து விற்பதே பெண்கள்தானே’ என்று கேட்கலாம். உண்மைதான், அது சின்ன விஷயமும் இல்லை. தராசைப் பிடித்து, விலை சொல்லி, சில்லறை எண்ணிச் சுருக்குப்பையில் முடிகிற பெண்ணுக்கு, கணவர் மண்டியிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டிருந்த நாளைவிட இது மேல். சந்தையை நான் விட்டுக்கொடுக்காததற்கு முதல் காரணம் அதுதான். ஆனால் அட்டையில் அவள் யாரோ ஒருவரின் மனைவியாகவே வருகிறாள் என்றால், அவர் வேண்டாம் என்று சொல்லும் நாளில் அவளுக்குக் கடை இல்லை.

வீட்டுக்குள் வந்த காயும் பழமும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பதைப் பெண் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கொய்யா மாமனாருக்கு, மாதுளை பிள்ளைக்கு, கருத்துப்போன வாழைப்பழம் நமக்கு. முருங்கைக்கீரை இரண்டு கட்டு மலிவாக வந்தால் அதை ஆய்வதற்கு முக்கால் மணி நேரம். அந்த நேரத்துக்கு எந்தப் பலகையிலும் விலை எழுதுவதில்லை.

உழைப்பைச் சான்றாக வைத்துப் பெண்ணின் பெயரிலேயே அட்டை கொடுக்கலாம். சந்தையை மாலையிலும் திறக்கலாம். 2014ஆம் ஆண்டுச் சட்டம் தெருவோர வியாபாரி என்று அங்கீகரித்திருக்கும் கூடைக்கார அம்மாவுக்கு அதே விலையில் சரக்கும் வட்டியில்லாக் கடனும் கொடுக்கலாம். பறிப்புக் கூலியையும் சேர்த்து விலையை எழுதலாம். கேரளம் 2020இல் 16 வகைக் காய்கனிகளுக்கு உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் வைத்து அடிப்படை விலை அறிவித்தது. அப்படிச் செய்தால் கத்தரிக்காய் விலை ஏறும். நான் கொடுத்துவிடுவேன், பாத்திரம் துலக்கும் பெண்ணால் முடியாது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்குக் காசு இல்லை, அதற்காக நெல்லைச் சும்மா கொடு என்று விவசாயியிடம் யாரும் கேட்கவில்லை. கொள்முதல் விலை ஒன்று, கடையில் விலை வேறு, நடுவில் இருப்பது அரசின் பணம். காய்கறி அழுகிவிடும், கிடங்கில் வைக்க முடியாது என்பார்கள். பாலும் கெடும்தான். காலையும் மாலையும் கிராமம் கிராமமாகப் பாலை வாங்கிச் சேர்க்கும் கூட்டுறவு இதே மாநிலத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.